என் பொத்தான் இரண்டாக உடைந்தது: மாற்றிக்கொள்வதற்குச் செய்யும் பொத்தான் தைப்பதற்கா, பார்ப்பதற்கா?

நூல்கண்டு

எட்டுப் பேர் சேர்ந்து பாலிமர் களிமண் பொத்தான்களை மாற்றிக்கொண்டோம். ஆளுக்கு ஏழு செட், செட்டுக்கு ஐந்து பொத்தான். ஒவ்வொருவரும் ஒரே மாதிரி 35 பொத்தான் செய்து மற்ற ஏழு பேருக்கும் அனுப்ப வேண்டும். ஏழு பேரின் கைவேலை நமக்கு வந்து சேரும். நான் செய்தது கடல் நீலத்தில் தொடங்கி வெள்ளையில் முடியும் கலவை, ஓரத்தில் கருநீலக் கரை. இரண்டு நாள் முழுக்க அதற்கே போனது. வெட்டி வரிசையாக அடுக்கியபோது, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது.

நேற்று அந்த ஏழு பேரில் ஒருவரிடமிருந்து கடிதம். என் பொத்தான்களை மகளின் கம்பளிச் சட்டையில் தைத்திருக்கிறார். மூன்றாம் நாள் அந்தப் பெண் மேல் பொத்தானைக் காஜாவுக்குள் நுழைத்தபோது பாதி கையோடு வந்துவிட்டதாம். மறுபாதி நூலில் தொங்குகிறது. படமும் அனுப்பியிருக்கிறார். இரண்டு துளைகளின் வழியாக, கோடு போட்டு வெட்டியது போல உடைந்திருக்கிறது. அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. "தவறாக நினைக்காதீர்கள், என் பெண் கொஞ்சம் முரடு" என்று எழுதியிருக்கிறார். ஐந்து வயதுக் குழந்தை! அந்த வரிதான் இரவு முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை.

விவரம் இது: குறுக்களவு 22 மி.மீ., கனம் 2 மி.மீ., நடுவில் இரண்டு துளை. உறையில் போட்டிருந்தபடி ஓவனை 130 டிகிரி செல்சியஸில் வைத்து 20 நிமிடம் சுட்டேன். எங்கே தப்பு? மற்ற ஆறு பேருக்கும் எழுதியாக வேண்டுமா, அல்லது ஒன்று உடைந்ததற்கு ஊரைக் கூட்ட வேண்டாமா?


கோணியூசி

ஊரைக் கூட்டும் முன் இரண்டு சோதனை செய்யுங்கள். முதலில் படத்தைப் பெரிதாக்கி உடைந்த முகத்தைப் பாருங்கள். சுண்ணக்கட்டியை ஒடித்தது போலப் பொரபொரவென்று இருக்கிறதா, ரப்பரைக் கிழித்தது போல வழவழப்பாக இருக்கிறதா? அடுத்தது, அதே நாளில் அதே தட்டில் வெந்த பொத்தான் மிச்சமிருந்தால் இரு கை விரல்களாலும் பிடித்து வளையுங்கள். இரக்கம் பார்க்காதீர்கள். 2 மி.மீ. கனத்தில் நன்றாக வெந்த பொத்தான் வில் போலக் கொஞ்சம் வளைந்து பழையபடி நிமிரும். வேகாதது டக்கென்று ஒடியும்.

பலரும் இதை மண்பாண்டம் போல எண்ணுகிறார்கள், தண்ணீர் வற்றினால் இறுகிவிடும் என்று. பெயரில்தான் களிமண், இதில் தண்ணீர் கிடையாது. பி.வி.சி. தூள், அதை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற பிளாஸ்டிசைசர், நிறமி, கொஞ்சம் நிரப்புப் பொருள். சூடு ஏறும்போது தூளின் துணுக்குகள் அந்த இளக்கியை உறிஞ்சி, உப்பி, ஒன்றோடொன்று உருகிச் சேர்கின்றன. சூடு போதாவிட்டால் துணுக்குகள் தோளோடு தோள் நிற்குமே தவிர ஒட்டாது. தொட்டுப் பார்த்தால் கல் மாதிரிதான் இருக்கும். இந்தப் பொருளின் வஞ்சகமே அதுதான்: அரைவேக்காடும் முழு வேக்காடும் கண்ணுக்கு ஒன்றே.

20 நிமிடம் எனக்குக் குறைவாகப் படுகிறது. மெலிதாக இருக்கிறதே, சீக்கிரம் எடுத்துவிடலாம் என்று நாமே ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறோம். நான் பொத்தானை 45 நிமிடத்துக்கு முன் வெளியே எடுப்பதில்லை. சூடு சரியாக இருந்தால் நேரம் கூடுவதால் எதுவும் கெட்டுப்போகாது. வெள்ளையும், ஒளி ஊடுருவும் வகையும் லேசாகப் பழுப்பேறும். அதற்கு மேலே அலுமினியத் தாளைக் கூடாரம் போலக் கவிழ்த்துவிட்டால் போதும்.


மண்புழு

எனக்கு ஒன்று புரியவில்லை. மாற்றிக்கொண்ட பொத்தானை யாராவது சட்டையில் தைப்பார்களா? என்னிடம் இப்படி வந்து சேர்ந்தவை மட்டும் 212 இருக்கின்றன. எல்லாம் அட்டையில் கோத்து, யார் செய்தது, எந்த ஆண்டு என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றைக்கூடத் தைத்ததில்லை, தைக்கவும் மாட்டேன். 20 மி.மீ. வட்டத்துக்குள் ஒருவர் ஒரு தோட்டத்தையே அடக்கியிருக்கிறார். அதைக் கொண்டுபோய்த் துவைக்கிற துணியில் மாட்டுவதா?

நூல்கண்டு, உங்கள் மீது தவறில்லை. பார்க்கச் செய்ததை அவர் பயன்படுத்திவிட்டார்.


நூல்கண்டு

மண்புழு, ஆறுதலுக்கு நன்றி. ஆனால் தைக்கக் கூடாது என்று நான் எங்கும் எழுதி அனுப்பவில்லையே. பொத்தான் என்று சொல்லி அனுப்பினால் தைக்கத்தானே செய்வார்கள்?

கோணியூசி, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். உடைந்த முகம் சுண்ணக்கட்டிதான், ஓரத்தில் பொடிகூட உதிர்ந்திருக்கிறது. என்னிடம் மிச்சம் மூன்று இருந்தன. முதலாவது வளைத்த உடனே போய்விட்டது. இரண்டாவது கொஞ்சம் தாக்குப்பிடித்து, பிறகு துளை வழியாகவே ஒடிந்தது. மூன்றாவதைத் தொட மனம் வரவில்லை.

ஆனால் ஓவன் 130-இல்தான் இருந்தது. திருகியைக் கண்ணால் பார்த்துத்தான் வைத்தேன்.


கோணியூசி

திருகியில் இருப்பது ஓவனின் ஆசை. உள்ளே இருப்பது வேறு.

ஓவனுக்குள் வைக்கிற தனி வெப்பமானி ஒன்று வாங்குங்கள். பொத்தான் வைக்கும் டைல்ஸ் மேலேயே, பொத்தான் இருக்கிற உயரத்திலேயே அது இருக்க வேண்டும். கதவை மூடி 20 நிமிடம் காத்திருந்து, பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கண்ணாடி வழியாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பி சூடேறி அணையும், மறுபடி ஏறும். ஆகவே எண் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். சின்ன மேசை ஓவன்களில் இந்த ஆட்டம் அதிகம், கம்பியும் பொத்தானுக்கு மிக அருகில் இருக்கும். கனமான டைல்ஸ் ஒன்று உள்ளே இருந்தால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கும்.

பயந்துபோய் ஒரேயடியாக ஏற்றியும் விடாதீர்கள். வகைக்கு வகை அளவு மாறும். ஒன்றுக்கு 110, இன்னொன்றுக்கு 130, கேட்டோ போன்றதற்கு 150 வரை. அளவை வெகுவாகத் தாண்டினால் முதலில் நிறம் கருகும், அப்புறம் புகையும். பி.வி.சி. கருகினால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும். கண்ணையும் தொண்டையையும் அறுக்கும். அப்படி நேர்ந்தால் ஓவனை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, அறையை விட்டு வெளியேறிவிட வேண்டும்.

நல்ல செய்தியும் இருக்கிறது. வேகாத பொத்தானை மறுபடி சுடலாம். ஒரு மாதம் கழித்தும் சுடலாம். மண்பானை போல ஒரே முறைதான் என்ற கட்டாயம் இதில் இல்லை. உங்கள் மூன்றாவது பொத்தானை எடுத்து வையுங்கள், தேவைப்படும்.


காஜா

நான் தைக்கிற ஆள். களிமண் பிசைவது பிறகு வந்த பழக்கம். துணிப்பக்கத்திலிருந்து நாலு வார்த்தை சொல்கிறேன்.

பொத்தானை நாம் மேலிருந்து பார்க்கிறோம். சட்டைக்குத் தெரிவது அதன் பின்பக்கமும் விளிம்பும்தான். காஜாவுக்குள் போகும்போது பொத்தான் சாய்கிறது, விரல் ஒரு விளிம்பை அழுத்துகிறது, நூல் நடுவில் பிடித்து இழுக்கிறது. நடுவில் இழுவிசை, ஓரத்தில் அழுத்தம். ஒரு குச்சியை முழங்காலில் வைத்து ஒடிப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. எங்கே ஒடியும்? எங்கே பொருள் குறைவோ அங்கே. இரண்டு பெரிய துளைகளை ஒரே கோட்டில் போட்டிருந்தால் அதுதான் கிழிக்கும் கோடு. படத்தைப் பார்த்தேன், உங்கள் துளைகள் ஒவ்வொன்றும் 3 மி.மீ. இருக்கும் போலிருக்கிறது. எதற்கு அவ்வளவு? ஊசியும் நாலைந்து சுற்று நூலும் போக 2 மி.மீ. தாராளம். கம்பளி நூலால் தைப்பவருக்கு வேண்டுமானால் கூடுதலாக வையுங்கள். துளைக்கும் துளைக்கும் நடுவில் குறைந்தது ஒரு துளையின் அகலமாவது இருக்கட்டும்.

கனம் 3 மி.மீ. வையுங்கள், 22 மி.மீ. பொத்தானுக்கு அது அழகாகவும் இருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் வேறு சிக்கல். காஜாவின் நீளம் என்பது பொத்தானின் குறுக்களவோடு கனத்தையும் கூட்டியது. கைவேலைப் பொத்தான்களை இட்லி போல உப்பலாகச் செய்து அனுப்புகிறீர்களே, ஏற்கெனவே காஜா போட்ட துணியில் அது எப்படி நுழையும்?

இன்னொன்று. துளையின் விளிம்பு கூர்மையாக இருந்தால் பொத்தான் உடையாது, நூல் அறுந்துவிடும். இரண்டு மாதம் கழித்துப் பொத்தான் காணாமல் போகும், தைத்தவள் தலையில் பழி விழும். பழியை நான் நிறையச் சுமந்திருக்கிறேன்.


மண்புழு

இட்லி என்று சொன்னது என்னைத்தான் என்று தெரிகிறது, அக்கா.


காஜா

உங்களை இல்லை, தம்பி. உங்களுடையது தட்டையாகத்தான் இருக்கிறது. ஆனால் போன முறை நீங்கள் அனுப்பிய ஐந்தையும் அளந்து பார்த்தேன். நான்கு 20 மி.மீ., ஒன்று கிட்டத்தட்ட 21.5. அட்டையில் கோத்து வைத்தால் தெரியாதுதான். ஒரே சட்டையில் ஐந்து காஜாவுக்கு முன்னால் நின்றால்தான் தெரியும்.

பொத்தான் வியாபாரத்தில் அளவை லைன் என்பார்கள். 40 லைன் ஓர் அங்குலம். சட்டைப் பொத்தான் 18 லைன், அதாவது சுமார் 11.5 மி.மீ.; கோட்டுப் பொத்தான் 32 லைன், 20 மி.மீ. செய்கிறபோதே இந்த வரிசையில் ஓர் அளவைப் பிடித்துக்கொண்டால் வாங்குகிறவர் வைத்திருக்கும் துணிக்குப் பொருந்த வாய்ப்புண்டு.


மண்புழு

21.5-ஐ ஒப்புக்கொள்கிறேன். அது எப்படி நேர்ந்தது என்றும் தெரியும். பல நிறக் களிமண்ணைச் சேர்த்து உருட்டிய வண்ணத் தண்டைப் பிளேடால் சீவியெடுத்த வில்லைகள் அவை. தண்டு மெத்தென்று இருக்கும்போது சீவினால் பிளேடு அழுத்தி வட்டத்தை முட்டை ஆக்கிவிடும். முட்டையைத் தட்டி வட்டம் ஆக்கும்போது அளவு ஓடிவிடுகிறது. இப்போது தண்டைக் குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைத்துவிட்டுச் சீவுகிறேன். ஒவ்வொரு வெட்டுக்கும் தண்டைக் கால் சுற்றுத் திருப்பிக்கொள்கிறேன், ஒரு பக்கமே நசுங்காமல் இருக்கும்.

அளவு மாறாமல் இருக்க இன்னும் நல்ல வழி: களிமண்ணைத் தகடாகத் திரட்டி, அதன் மேல் வில்லைகளை ஒட்டி உருட்டி, பிறகு வட்ட அச்சால் வெட்டுவது. வெட்டும் முன் மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறையைப் போர்த்திவிட்டு அச்சை அழுத்துங்கள். உறை இழுபட்டு விளிம்பைத் தானாகவே உருட்டிவிடும். கூர் விளிம்பு இல்லாமல், கடையில் வாங்கிய பொத்தான் போல வரும். இந்த ஒரு வித்தையை அறிந்த நாளில் என் உப்புத்தாள் செலவு பாதியாகக் குறைந்தது.

நூல்கண்டு, உங்கள் நீலம் வெள்ளையாகிற கலவை எப்படி அவ்வளவு சீராக வந்தது? என்னுடையதில் கோடு கோடாக நிற்கிறது.


நூல்கண்டு

ஜூடித் ஸ்கின்னர் என்பவர் பரவச் செய்த முறைதான் அது, அவர் பெயராலேயே ஸ்கின்னர் கலவை என்கிறோம். இரண்டு நிறத்தையும் முக்கோணமாக வெட்டி, குறுக்குக் கோட்டில் சேர்த்து ஒரு செவ்வகம் ஆக்குங்கள். பாதியாக மடித்து, மடித்த பக்கம் முன்னே போகும்படி, களிமண்ணைத் தகடாக்கும் உருளை இயந்திரத்தில் விட வேண்டும். எப்போதும் ஒரே திசையில்தான் மடிக்க வேண்டும், நீலம் நீலத்தின் மேல், வெள்ளை வெள்ளையின் மேல். ஒரு முறை மாற்றி மடித்தால் போச்சு. பத்தாம் முறையில் கோடுகள் நிற்கும், நம்பிக்கை போய்விடும். நிறுத்தாமல் இருபது, இருபத்தைந்து முறை விட்டால் திடீரென்று கோடு கரைந்துவிடும். நீங்கள் பதினைந்தில் நிறுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன்.


புதுப்பிசைவு

வணக்கம், நான் புதியவள். இரண்டு மாதமாகத்தான் செய்கிறேன். கேட்கலாமா என்று தயங்கித் தயங்கி இப்போது மூன்று கேள்வி சேர்ந்துவிட்டது.

மிச்சக் களிமண்ணை ஒளி ஊடுருவும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்தேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் டப்பாவின் அடி குழைந்து களிமண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெயிலில்கூட வைக்கவில்லை. ஏன்?

பொத்தான் பளபளக்க நகப்பூச்சு அடித்தேன். பத்து நாளாகியும் பிசுபிசுப்புப் போகவில்லை. காயுமா?

எந்த வகை வாங்குவது? நான் வாங்கியது வெண்ணெய் மாதிரி மென்மையாக இருந்தது, பிசைய எளிது என்று எடுத்தேன்.


கோணியூசி

தயங்காமல் கேளுங்கள், அம்மா. மூன்றும் நாங்கள் எல்லாரும் கை சுட்டுக் கற்ற பாடங்கள்.

டப்பாவைக் கரைத்தது வெயில் இல்லை, பிளாஸ்டிசைசர். வேகாத களிமண்ணில் இருக்கும் அந்த இளக்கி சில பிளாஸ்டிக்குகளுக்குள், முக்கியமாகப் பாலிஸ்டைரீனுக்குள் இறங்கி அதையும் குழைத்துவிடும். டப்பாவின் அடியில் முக்கோணக் குறிக்குள் 5 என்று இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன், நம்பலாம். 6 என்றிருந்தால் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். வார்னிஷ் அடித்த மேசை மேலும் இரவு முழுக்க வைத்துவிடாதீர்கள். என் மேசையில் ஒரு பூனை வடிவக் கறை இருக்கிறது.

நகப்பூச்சு காயாது. அதில் இருக்கும் கரைப்பானும் பொத்தானும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. நாளாக ஆகப் பிசுபிசுப்பு கூடும். தூவுகிற வார்னிஷ்களிலும் பல இப்படித்தான். பொத்தானுக்குப் பூச்சே வேண்டாம் என்பது என் கட்சி. துவைத்துத் துவைத்து எந்தப் பூச்சும் ஒருநாள் உரியும். சுட்ட பிறகு தண்ணீருக்குள் வைத்து 400, 600, 800, 1000 என்று உப்புத்தாளைப் படிப்படியாக மாற்றித் தேய்த்து, கடைசியில் பழைய ஜீன்ஸ் துணியில் அழுத்தித் துடையுங்கள். உள்ளேயிருந்து வருகிற மினுமினுப்பு அது, உரிவதற்கு ஒன்றும் இல்லை. தண்ணீரில் தேய்ப்பது மிக முக்கியம், தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது.

வெண்ணெய் மாதிரி இருப்பதைத்தான் எல்லாரும் முதலில் வாங்குகிறோம். ஸ்கல்ப்பி III அப்படிப்பட்டது. உருவம் செய்ய இனிமை, ஆனால் சுட்ட பிறகு மெல்லிய பொருளில் எளிதில் ஒடியும். பொத்தானுக்குப் பிரேமோ, ஃபிமோ புரொஃபஷனல், செர்னிட், கேட்டோ மாதிரி வளைந்து கொடுக்கிறவற்றை எடுங்கள். பிசையக் கை வலிக்கும்.

ஃபிமோ என்ற பெயரின் கதை தெரியுமா? பொம்மை செய்வதில் பேர்பெற்ற ஜெர்மானியப் பெண் கேத்தே குரூசேயின் குடும்பத்தில் பிறந்தது அது. அவருடைய மகள் சோஃபியின் செல்லப் பெயர் ஃபிஃபி. பொம்மைத் தலைக்காக வந்த பொருளை அந்தப் பெண்தான் வீட்டில் உருட்டிப் பார்த்து, வண்ணங்கள் சேர்த்து, தன் பெயரிலேயே விற்றார். 1964-இல் எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனம் அதை வாங்கியது. நாம் தினமும் பிசைகிற பெயருக்குள் ஒரு வீட்டுச் செல்லப் பெயர் ஒளிந்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.


ஏழுதுளை

நான் ஒன்பது முறை பரிமாற்றம் நடத்தியிருக்கிறேன். ஒன்பதிலும் ஏதாவது ஒரு மனத்தாங்கல் வந்திருக்கிறது, ஆகவே எனக்கும் பேச உரிமை உண்டு.

உடைவது பெரிய சண்டையே இல்லை. ஒருவர் ஒரு பொத்தானுக்கு நாற்பது நிமிடம் உழைத்து அனுப்புகிறார். இன்னொருவர் கடைப் பொத்தானை ரப்பர் அச்சில் பதித்து 35 நகல் எடுத்து அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார். பெற்றுக்கொண்டவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார், அடுத்த முறை பெயர் கொடுக்கமாட்டார். அதனால் நான் இப்போது முதல் கடிதத்திலேயே எழுதிவிடுகிறேன்: அச்சு எடுத்தால் மூல வடிவமும் உங்கள் கையால் செய்ததாக இருக்க வேண்டும். பிறர் வடிவத்தை நகல் எடுத்து அனுப்பினால் செட் திரும்பி வரும்.

அட்டையில் நான்கு செய்தி கேட்பேன். எந்த வகைக் களிமண், எத்தனை மி.மீ., எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் வெந்தது, எப்படித் துவைப்பது. மூன்றாவதைப் பலர் எழுதுவதில்லை. எழுத வைத்தால், எழுதும்போதே அவர்களுக்குச் சந்தேகம் வந்து ஓவனைப் போய்ப் பார்ப்பார்கள். அதற்காகவே கேட்கிறேன்.

இன்னொரு பழக்கம்: ஒவ்வொருவரும் கூடுதலாக ஒரு பொத்தான் எனக்கு அனுப்ப வேண்டும். அதை நான் உடைப்பேன். உடைக்க முயல்வேன் என்று சொல்ல வேண்டும். அது ஒடிந்தால் அவருடைய ஏழு செட்டும் என்னிடமே நின்றுவிடும், மறுபடி சுட்டு அனுப்பச் சொல்வேன். முதல் முறை இதைச் சொன்னபோது இரண்டு பேர் விலகிப்போனார்கள்.


மண்புழு

நானும் விலகியிருப்பேன். ஒருவர் அன்பாகச் செய்து அனுப்பியதை விரலால் ஒடித்துத் தேர்வு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மாற்றிக்கொள்வது வியாபாரமா? நான் என் நேரத்தைத் தருகிறேன், நீங்கள் உங்கள் நேரத்தைத் தருகிறீர்கள். அதில் தரச் சான்றிதழ் எங்கிருந்து வந்தது?


காஜா

தம்பி, வியாபாரமாக இருந்தால் கவலையே இல்லை, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இங்கே திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை. அதனால்தான் அந்தத் தாய் "என் பெண் முரடு" என்று தன் பிள்ளை மீது பழியைப் போட்டுக்கொண்டு கடிதம் எழுதுகிறார். கடையில் வாங்கியிருந்தால் அப்படி எழுதியிருப்பாரா?

பார்க்க மட்டும் என்றால் அட்டையில் "தைக்க வேண்டாம்" என்று இரண்டு சொல் எழுதி அனுப்புங்கள், நானும் அட்டையிலேயே வைத்துக்கொள்கிறேன். அதை எழுத யாருக்கும் கை வருவதில்லை. ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.


மண்புழு

எழுதுகிறேன், எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

(இரண்டு மணி நேரம் கழித்து)

எழுதப் போனேன். "தைக்க வேண்டாம்" என்று எழுதிவிட்டுப் பார்த்தால், நான்கு துளை போட்ட பொத்தானின் பக்கத்தில் அந்தச் சொல் நிற்பது அபத்தமாக இருக்கிறது. துளையைப் போடாமல் விட்டிருந்தால் அது வெறும் வில்லை. அட்டையைக் கிழித்துவிட்டேன்.

பிறகு என்னுடைய ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தேன். ஒடியவில்லை. வாதத்தில் தோற்றுவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். பிறர் அனுப்பிய 212-ஐயும் நான் வளைக்கப் போவதில்லை.


புதுப்பிசைவு

துளை எப்போது போடுவது? சுடும் முன்னா, பின்னா? முன்னால் போட்டால் பொத்தான் கோணிக்கொள்கிறது.


ஏழுதுளை

இரண்டும் செய்யலாம். சுடும் முன் என்றால் பொத்தானைக் குளிரவைத்துவிட்டு, டைல்ஸை விட்டு எடுக்காமலேயே, ஊசியைக் குத்தாமல் திருகித் திருகி இறக்குங்கள். அடியைத் தொட்டதும் நிறுத்தி, சுட்ட பிறகு பின்பக்கத்திலிருந்து ஒரு திருகு கொடுத்தால் பிசிறு போய்விடும். சுட்ட பின் என்றால் 1.5 அல்லது 2 மி.மீ. ட்ரில் பிட்டைக் கையிலேயே பிடித்துத் திருகலாம், மோட்டார் வேண்டியதில்லை. முன்பக்கமிருந்து தொடங்குங்கள், பிசிறு பின்னால் போகட்டும். எல்லாப் பொத்தானிலும் துளை ஒரே இடத்தில் வர, தடித்த அட்டையில் வட்டம் வெட்டி இரண்டு புள்ளி குத்தி வைத்துக்கொண்டால் 35-க்கும் அதுவே போதும்.

டைல்ஸின் மேல் நேராக வைத்துச் சுட்டால் அடிப்பக்கம் திட்டுத் திட்டாகப் பளபளக்கும். நடுவில் ஒரு வெள்ளைத்தாள் வையுங்கள், போய்விடும்.


நூல்கண்டு

வெப்பமானி வந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

திருகி 130. உள்ளே 104-க்கும் 116-க்கும் நடுவில் ஆடுகிறது. ஒரு மணி நேரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எழுதினேன், ஒரு முறைகூட 120-ஐத் தொடவில்லை. இந்த ஓவனில்தான் நான்கு ஆண்டாகச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது திருகியை 150-க்கு அருகில் வைத்தால்தான் உள்ளே 130 நிற்கிறது.

அந்த மூன்றாவது பொத்தானை 45 நிமிடம் மறுபடி சுட்டேன். நீலம் இம்மியளவு ஆழமாகியிருக்கிறது, வெள்ளை அப்படியே இருக்கிறது. ஆறவிட்டு வளைத்தேன். வளைந்தது. விரலை எடுத்ததும் நிமிர்ந்தது. இன்னும் அழுத்தி வளைத்தேன், நகம் வலித்ததே தவிர அதற்கு ஒன்றும் ஆகவில்லை. துளை அதே 3 மி.மீ., கனம் அதே 2. காஜா அக்கா சொன்னது எல்லாம் சரிதான், அடுத்த முறை மாற்றுவேன், ஆனால் என் குற்றவாளி ஓவன்தான்.

ஏழு பேருக்கும் எழுதிவிட்டேன். தைக்காமல் வைத்திருப்பவர்கள் உள்ளே 130 டிகிரி இருப்பதை உறுதி செய்துகொண்டு 45 நிமிடம் சுடலாம், அல்லது எனக்கே திருப்பி அனுப்பலாம், புதிதாக ஒரு செட் அனுப்புகிறேன் என்று. நான்கு பேர் திருப்பி அனுப்புகிறார்கள். ஒருவர் தானே சுட்டுக்கொண்டார். ஒருவர் ஐந்தையும் தலையணை உறையில் தைத்துவிட்டாராம், பிரிக்கமாட்டேன், உடைந்தால் உடையட்டும் என்கிறார்.

கம்பளிச் சட்டைக்காரருக்கு ஐந்துக்குப் பதில் ஆறு அனுப்பினேன், 3 மி.மீ. கனம், 2 மி.மீ. துளை. கூடவே துவைக்கிற குறிப்பும்: குளிர்ந்த தண்ணீர், சட்டையை உட்புறம் வெளியே திருப்பிப் போட்டு, இஸ்திரிப் பெட்டி பொத்தான் மேல் படக் கூடாது, உலர்சலவைக்குக் கொடுக்கக் கூடாது.


காஜா

உலர்சலவையைச் சொன்னீர்களே, நல்லது. அந்தக் கரைப்பான் எதையெல்லாம் கரைக்கும் என்று கண்டது யார். இஸ்திரியை நான் ஒரு முறை பட வைத்திருக்கிறேன். பொத்தான் மேல் துணியின் நெசவு அச்சாகப் பதிந்துவிட்டது. அதையே ஒரு வடிவமாக வைத்துக்கொள்ளலாமே என்று மண்புழு கேட்பார்.


மண்புழு

கேட்கத்தான் வந்தேன்.


நூல்கண்டு

சட்டைக்காரரிடமிருந்து பதில் வந்துவிட்டது. புதியவற்றைத் தைத்துவிட்டாராம். பழையதில் உடைந்த இரண்டு பாதிகளையும் எறியப் பார்த்திருக்கிறார், மகள் விடவில்லை. கரை வைத்த பாதி வட்டம் அவளுக்குப் படகாகத் தெரிகிறதாம். அதில் ஒரு துளை போட்டுக் கயிற்றில் கோத்துத் தரச் சொல்லி அடம். ஏற்கெனவே இருக்கிற துளை உடைந்த கோட்டில் பாதியாக நிற்கிறது, பயன்படாது. வீட்டில் சின்ன ட்ரில் பிட் இருக்கிறதாம், போட்டால் மறுபடி ஒடியுமா என்று கேட்கிறார். என்ன சொல்லட்டும்?


கோணியூசி

முதலில் சுடச் சொல்லுங்கள், 130-இல் 45 நிமிடம், வெப்பமானி வைத்து. நன்றாக ஆறிய பிறகு 1.5 மி.மீ. பிட், விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே, கையால் திருகி. உடைந்த ஓரத்தை 400 உப்புத்தாளில் தண்ணீர் தொட்டு மழுக்கிவிடட்டும், குழந்தையின் கழுத்தில் கிடக்கப் போகிறது. கயிறும் கெட்டியானது வேண்டாம், இழுத்தால் அவிழ்கிற மாதிரி இருக்கட்டும்.